படத்தில் என்னென்ன இருக்கிறது

எனக்கு அங்கன்வாடியில் வேலை. இருபது வருடமாக மூன்று வயதுப் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, சுவரில் மாட்டிய படத்தைக் குச்சியால் தொட்டு, "இதுல என்னென்ன இருக்குது, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். யானை, வீடு, பஸ், மாமரம். ஆனால் அந்தப் பிள்ளைகள் எதையாவது கிறுக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினால் நான் பார்க்கிறேனா என்றால், இல்லை. அடுப்பில் பருப்பு கொதிக்கும், ரெஜிஸ்டர் எழுத வேண்டும், போட்டோ எடுத்துப் போனில் ஏற்ற வேண்டும். "சூப்பர்டா செல்லம்" என்று சொல்லி உள்ளங்கையில் ஒரு ஸ்டார் போட்டு அனுப்பிவிடுவேன். பிள்ளையும் சந்தோஷமாகப் போய்விடும். இதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்றுதான் இருபது வருடமும் இருந்தேன்.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பத்தாவது படிக்கும்போது சின்னவள் நான்காவது. அந்த வருடம் கார்த்திகை மழையில் சின்னவள் போய்விட்டாள்.

மழைக் காலத்தில் எங்கள் பக்கத்து உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் காலத்தில் கட்டம் கட்டமாக இருக்கும் பாத்திகள் எல்லாம் மூழ்கி ஒரே ஏரியாகக் கிடக்கும். வரப்பு எங்கே முடிகிறது, கடல் தண்ணீர் தேக்கும் குழி எங்கே தொடங்குகிறது என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் குழப்பம் வரும். அந்தத் தண்ணீருக்குப் பறவைகள் வந்து இறங்கும். மழை லீவு விட்டால் பிள்ளைகள் அதை வேடிக்கை பார்க்க ஓடுவார்கள், நாங்களும் திட்டுவோம், அது எல்லா வருடமும் நடப்பதுதான். அன்றைக்கு நான், மழைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தவர்களுக்குச் சாப்பாடு போடும் டூட்டியில் இருந்தேன். உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், காற்றில் பறந்துபோன கீற்றை குவித்து வைத்த உப்பு அம்பாரத்தின் மேல் திரும்பக் கட்ட வேறொரு பக்கம் போயிருந்தார். கிளம்பும்போது பெரியவளிடம், "தங்கச்சிய பாத்துக்கோடி" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது பெரியவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் ஈரம். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு ஊரே ஈரமாகத்தான் இருந்தது. "எங்கடி அவ?" என்று கேட்டேன்.

"தூங்கிட்டேம்மா" என்றாள்.

இருட்டுவதற்குள் ஆட்கள் சின்னவளைத் தூக்கி வந்துவிட்டார்கள். வரப்பின் மேல் அவளுடைய செருப்பு ஜோடியாக இருந்ததாம். அதை வைத்துத்தான் எந்தக் குழி என்று கண்டுபிடித்தார்களாம். நீல வார் வைத்த செருப்பு. அதை என் கையில் கொடுத்தது யார் என்று இன்றுவரை நினைவில்லை.

அதற்குப் பிறகு பெரியவள் பேசவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், நானே அதில் கெட்டிக்காரி. இது அது இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், குளிக்கச் சொன்னால் குளிப்பாள், கேட்டால் தலையை ஆட்டுவாள். வாய் மட்டும் திறக்காது. புதுச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினோம். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "உங்க ஊர் சர்ச் ஹால்ல சனிக்கிழமை பசங்களுக்கு ஒரு கிளாஸ் நடக்குதாமே, அங்கயும் அனுப்புங்க" என்றார். படம் வரைவது, களிமண் பிசைவது, மேளம் தட்டுவது, நாடகம் போடுவது, இதுதான் அந்த வகுப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு நிற்கிறேன், இன்னொன்று ஊமையாகிவிட்டது, இவர் கலர் பென்சில் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்தேன். என் வீட்டுக்காரர்தான், "அனுப்பித்தான் பாப்போமே" என்றார்.

வகுப்பு நடத்த வந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. புதுச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்றினால் முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். முதல் நாளே அம்மாக்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள்.

"அக்கா, பசங்க வரையிறது எதுவும் வீட்டுக்கு வராது. இங்க பீரோல பூட்டி வெச்சிடுவேன். எப்பனா ஒரு நாள் பிள்ளையே எடுத்துட்டு வந்து உங்க கையில குடுத்தா, அன்னிக்கு மட்டும் பாருங்க. அழகா இருக்குதுன்னு சொல்லாதீங்க. ஏன் இத வரைஞ்சேன்னும் கேக்காதீங்க. அதுல என்னென்ன இருக்குதோ, ஒண்ணு விடாம வாய்விட்டுச் சொல்லுங்க. போதும். நீங்க பாத்துட்டீங்கன்னு பிள்ளைக்குத் தெரியணும், அவ்ளோதான்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. எனக்கே சொல்லிக் கொடுக்கிறாளா? நான் இருபது வருட சர்வீஸ். சரிம்மா, சரிம்மா என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தை மாதத்தில் தொடங்கிய வகுப்பு. முதல் மூன்று வாரம் பெரியவள் பழைய பேப்பரைக் கிழித்துக்கொண்டே இருந்தாளாம். அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே கிழித்தாளாம். பிறகு பெரியவள் ஸ்கேல் வைத்துக் கட்டங்கள் போட்டாளாம், தாள் தாளாகக் கட்டங்கள் மட்டும். கணக்குப் போடுகிறாள் போல என்று மற்ற பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சனிக்கிழமை காலையில் நான் எழுப்பாமலே எழுந்து தலை சீவிக்கொண்டு நிற்கிறாள் என்பதுதான். ஒரு சனிக்கிழமை விரல் இடுக்கில் பச்சைக் கலர் ஒட்டியிருந்தது. அதைக் கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தாள். நானும் கழுவச் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "கொழம்புல உப்பு இல்ல" என்றாள்.

உப்பு விளையும் ஊரில் உப்பில்லாத குழம்பு வைத்ததற்கு வேறு நாளாக இருந்தால் நானே வெட்கப்பட்டிருப்பேன். அன்றைக்கு உப்பு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல் கட்டில் போய் அழுதேன். அழுகை அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டேன். அன்றுதான் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். இவள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டால் மே மாதத்தில் நன்றிப் பூசை வைக்கிறேன், காணிக்கையை நானே ஏந்தி வருகிறேன் என்று.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மே மாதம் மாதாவின் மாதம். சுகம் கிடைத்தவர்கள் அந்தச் சுகத்துக்கு அடையாளமாக ஏதாவது ஒன்றைக் காணிக்கைப் பவனியில் ஏந்தி வருவார்கள். கை முறிந்து தேறியவர் தன் கையால் வாரிய உப்பைக் கூடையில் கொண்டுவருவார். படகோடு தொலைந்து திரும்பி வந்தவர் வீட்டில் வலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பீடத்தின் படியில் அதை வைப்பார்கள், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பெயர் சொல்லி, எதற்கு நன்றி என்ற கருத்தை வாசிப்பார், பூசை முடிந்ததும் ஊரே படிக்கட்டுப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போகும். எங்களுக்கு நன்றி என்றால் நாலு பேர் அறியச் சொல்வதுதான். வீட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டால் அது நன்றிக் கணக்கில் சேராது.

ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை பெரியவள் வகுப்பிலிருந்து வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை, நின்றாள்.

படம். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். தூரத்தில் கீற்று போர்த்திய உப்பு அம்பாரம். நடுவில் வரப்பு. வரப்பின் மேல் நீல வார் வைத்த சின்னச் செருப்பு. அதைப் பார்த்ததுதான் தாமதம், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. தங்கச்சியை நினைத்து வரைந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"எவ்ளோ அழகா வரைஞ்சிருக்க பாப்பா. சூப்பர்டி" என்றேன்.

"பாத்தியாம்மா?" என்றாள்.

"பாத்தேன்டி. பாக்காம? அப்படியே இருக்குது."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தை எடுத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். வாய்விட்டு நாலு வாக்கியம் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிடம் ஆகுமா? மூன்று வயதுப் பிள்ளை செய்யும் வேலை அது.

மாதாவே அடையாளம் கொடுத்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. மறுநாளே அவளைக் கேட்காமல் படத்தை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போய் லேமினேஷன் போட்டேன். உபதேசியாரிடம் நன்றிக் கருத்து எழுதிக் கொடுத்தேன். "மனநலம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்திருந்த மகள் சுகம் பெற்றதற்காக" என்று பெயரோடு என் கையெழுத்தில் எழுதினேன். அவளுக்கு அது பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். இதை எழுதும்போதே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், கையில் இருப்பதைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து கூட்டம் படிக்கட்டுப் பக்கம் வந்தது. பெரியவள் என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். என் நாத்தனார் குனிந்து படத்தைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"அண்ணி, இதுல ரெண்டு ஜோடி செருப்பு இருக்குது பாருங்க. சின்னவளோடது ஒண்ணு. இது ஊக்கு குத்தியிருக்குதே, பெரியவளோடதாச்சே? அப்போ இவளும் அங்க போனாளா?"

நானும் குனிந்தேன். ஆமாம். வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்திய செருப்பு. அந்த ஊக்கைக் குத்தியதே நான்தான். அதற்கு முந்தைய மாதம் அவள் ஒரு செருப்பைப் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டு வந்தாள். பழைய செருப்பில் ஊக்கைக் குத்திக் கொடுத்து, "இதையும் தொலச்சிட்டு வந்த, வெறுங்காலோடதான் திரியணும், சொல்லிட்டேன்" என்று தெரு கேட்கக் கத்தியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் படத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்கு எப்படி நடந்து வந்தோம் என்று தெரியாது. கதவைச் சாத்தினேன். அவளை நிற்க வைத்து நான் கேட்டது இதுதான், ஒரு எழுத்து மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"அவ சாவுறத நின்னு வேடிக்க பாத்துட்டு இருந்தியாடி?"

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் இன்னும் என்னென்னவோ கேட்டேன். தூங்கிட்டேன்னு ஏன் பொய் சொன்ன, ஏன்டி சொன்ன. அவள் கலர் பென்சில் டப்பாவை எடுத்து, வெளியே கிடந்த பென்சில்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கி மூடினாள். மறுநாள் ஒரு துண்டுத் தாளில், "பெரியம்மா வீட்டுக்குப் போறேன்" என்று எழுதி வைத்திருந்தாள். வானூரில் இருக்கும் என் அக்கா வந்து அழைத்துக்கொண்டு போனாள். பதினொன்றாவது அங்கேயே சேர்த்தோம்.

அந்த வாரம் சனிக்கிழமை நான் ஹாலுக்குப் போய் வகுப்புப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்குப் படத்துல என்னென்ன இருக்குதுன்னு சொன்னீங்களாக்கா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "ஆறு வாரமா அத வரைஞ்சா. யாருக்குன்னு கேட்டேன், அம்மாவுக்குன்னு எழுதிக் காட்டுனா" என்றாள். என் மகள் மருந்தைத் தானே தேடிக் கண்டுபிடித்து என் கையில் கொடுத்திருக்கிறாள். நான் அதை ஊருக்குக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

வானூருக்குப் போன் போடுவேன். "சாப்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." அக்காவிடம் பேசுகிறாள், பள்ளிக்கூடத்தில் பேசுகிறாள், என்னிடம் மட்டும் ம். எனக்கும் அவள்மேல் ஒரு மூலையில் கோபம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கூடப் போயிருக்கிறாள், பார்த்திருக்கிறாள், மறைத்திருக்கிறாள். பெற்றவளுக்கு அது சுலபத்தில் ஆறுமா? படத்தை பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்தேன், கண்ணில் படக் கூடாது என்று.

மறுபடி கார்த்திகை வந்தது. சின்னவளுக்கு முதல் வருடப் பூசை வைத்த வாரம். அங்கன்வாடியில் மதியம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெண் குழந்தையின் அம்மா குடையோடு தெருவில் வருவதைப் பார்த்ததும், அந்தக் குழந்தை செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியது. செருப்பு பெரியது போல, ஓட முடியவில்லை, ஓடிக்கொண்டே காலை உதறியது. ஒரு செருப்பு வாசலில் நேராகக் கிடந்தது. இன்னொன்று நாலடி தள்ளிக் குப்புற விழுந்தது. தினமும் இருபது ஜோடிச் செருப்பை நேராக அடுக்கி வைப்பவள் நான். அதை எடுக்கக் குனிந்தேன், குனிந்தபடியே நின்றுவிட்டேன்.

சமையல் ஆயாவிடம் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பீரோவை நகர்த்திப் படத்தை எடுத்தேன். சின்னச் செருப்பு ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்தது. பெரிய செருப்பு ஜோடியாக இல்லை. ஒன்று வரப்பில் நேராகக் கிடக்கிறது. மற்றது தள்ளி, தண்ணீர் ஓரத்தில், குப்புறக் கிடக்கிறது. ஊரே இரண்டு ஜோடி என்று எண்ணியது, நானும் எண்ணினேன். அது எப்படிக் கிடக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வானூருக்குப் போனேன். அக்கா காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். பெரியவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், உயரமாகியிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து படத்தை அவளுக்கும் எனக்கும் நடுவில் வைத்தேன். குச்சி இல்லை, விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னேன்.

"வானம். தண்ணி. கீத்து போட்ட உப்பு அம்பாரம், மூணு. வரப்பு. வரப்பு மேல சின்ன செருப்பு ஒரு ஜோடி, நீல வாரு, பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்குது. பெரிய செருப்பு ஒண்ணு, ஊக்கு குத்தினது. இன்னொண்ணு இங்க, குப்புற கெடக்குது. ஓடிக்கிட்டே உதறினது. தண்ணியப் பாத்து ஓடியிருக்குது."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் பாத்தியாம்மா?" என்றாள்.

"இப்பதான்டி."

"தூங்கினது நெஜம்மா. எழுந்து தேடிக்கிட்டுப் போனேன். அவ செருப்பு தெரிஞ்சுது. கழுத்து வரைக்கும் எறங்கினேன். அதுக்கு மேல கால் எட்டல."

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

"கத்தியிருக்கணும். யாரயாவது கூப்ட்டிருக்கணும். எனக்கு ஒண்ணும் தோணல. என் செருப்பத் தேடி எடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்." குப்புறக் கிடந்த செருப்பின் மேல் விரலை வைத்தாள். "அதையும் தொலச்சிட்டு வந்தா நீ திட்டுவன்னு."